நத்தார் வாழ்த்து மடலை நம் கையால் வரைவோம்



திருவருகைக்காலம் நெருங்குகின்றது. இன்னும் சில நாட்களில் கோவிலிலே ஊதா நிற உடையைக் காண்போம். வீடுகளிலே பயற்றம் பணியாரத்திற்கு மா இடிப்பதும், கேக்குக்குச் சாமான் வாங்குவதும், பாலன் கொட்டிலுக்கு வைக்கோல் தேடுவதுமாக எல்லோரும் அலுவலாகிவிடுவோம். இந்த அலுவல்களுக்கிடையே நாம் மெல்ல மெல்லக் கைவிட்டு வருகின்ற நல்ல வழக்கம் ஒன்றுண்டு. அதுவே நத்தார் வாழ்த்து மடல் அனுப்பும் வழக்கம்.

இன்று கைத்தொலைபேசியிலே ஒரு படத்தை ஒருமுறை தட்டினால் நூறு பேருக்குப் போய்விடுகின்றது. நமக்கும் அப்படியே நூறு படங்கள் வருகின்றன. அவற்றில் எத்தனையை நாம் இரண்டாம் முறை பார்க்கின்றோம்? தை பிறக்கும் முன்னரே அவை அழிந்துபோகின்றன. எங்கள் ஊர்களிலே முதியவர் ஒருவரின் பெட்டியைத் திறந்து பாருங்கள். காணி உறுதி, ஞானஸ்நானப் பத்திரம், செபமாலை ஆகியவற்றோடு பழைய நத்தார் மடல்கள் நான்கைந்தாவது இருக்கும். மகன் எழுதியது, மறைந்துபோன தங்கை எழுதியது, முதல் நன்மை எடுத்த பேரப்பிள்ளை எழுதியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும்.

ஆகையால் இவ்வருடம் உங்கள் குடும்பத்திலே நான்கு மடல்களையாவது கையால் செய்து அனுப்புமாறு கேட்கின்றோம். "எனக்குப் படம் கீறத் தெரியாதே" என்று தயங்க வேண்டாம். கீழே சொல்லப்படும் முறையை எட்டு வயதுப் பிள்ளையும் பெரியவர் ஒருவரின் உதவியோடு செய்யலாம். வேண்டியவை மூன்று நிறங்களும், ஒரு துண்டு மெழுகுதிரியும், கொஞ்சம் பொறுமையுமே.

முதலாவது நத்தார் மடல்

அச்சிட்ட நத்தார் மடல் முதன்முதலில் 1843ஆம் ஆண்டு இலண்டனிலே வெளிவந்தது. அதனைச் செய்வித்தவர் ஹென்றி கோல் என்பவர். இங்கிலாந்திலே 1840இல் ஒரு பென்னித் தபால்முறை தொடங்கியபோது அதற்காக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். தமது நண்பர்களுக்கெல்லாம் தனித்தனியே கடிதம் எழுத நேரம் போதாமையால், ஜோன் கல்கொட் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்து, ஏறக்குறைய ஆயிரம் பிரதிகள் அச்சிடுவித்தார். அந்த மடலிலே கோடுகள் மாத்திரமே அச்சாயின. நிறத்தை ஒவ்வொரு மடலுக்கும் கையாலேயே தீட்டினார்கள். ஆகவே தூரிகையால் நிறம் தீட்டிய மடல் புதுமையான ஒன்றன்று. முதலாவது நத்தார் மடலே அப்படித்தான் பிறந்தது.

அந்த மடலின் நடுவிலே ஒரு குடும்பம் விருந்துண்ணும் காட்சி இருந்தது. பிள்ளை ஒன்றுக்கும் திராட்சை இரசம் பருகக் கொடுப்பதாக அதில் வரையப்பட்டிருந்தமையால் சிலர் கண்டித்தார்கள். ஆனால் நாம் கவனிக்கவேண்டியது அதன் இரு பக்கங்களையும். ஒரு பக்கத்திலே பசித்தோருக்கு உணவு கொடுக்கப்படுகின்றது. மறு பக்கத்திலே ஆடையற்றோருக்கு ஆடை கொடுக்கப்படுகின்றது. விருந்துக்கு இருபுறமும் இரக்கச் செயல்கள். நமது நத்தாரும் இப்படி அமைந்திருக்கின்றதா என்று அந்தப் பழைய மடல் இன்றும் நம்மைக் கேட்கின்றது.

எதனை வரைவது?

கடைகளிலே கிடைக்கும் மடல்களிலே பனிமலை, பனியிலே ஓடும் வண்டி, சிவப்புச் சட்டை அணிந்த தாத்தா ஆகியோரைக் காண்கின்றோம். நம்மில் அநேகர் பனியைக் கண்டதேயில்லை. பாலன் யேசுவைக் காணாத நத்தார் மடல்கள் எத்தனையோ!

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1223ஆம் ஆண்டு கிரேச்சோ என்ற இத்தாலியக் கிராமத்திலே நத்தார் இரவைக் கொண்டாடியபோது, வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியையும், உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவரச் செய்தார். ஊர் மக்கள் பந்தங்களோடும் மெழுகுதிரிகளோடும் வந்து கூடினார்கள். அங்கேயே திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. தங்கள் ஊரிலே, தங்களுக்குத் தெரிந்த தொழுவத்திலே பாலன் பிறந்தாற்போல அம்மக்கள் உணர்ந்தார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும் 2019ஆம் ஆண்டு டிசம்பர் முதலாந் திகதி அதே கிரேச்சோவிலேதான் பாலன் குடில் பற்றிய தமது திருமடலிலே கையொப்பமிட்டார்.

நாமும் அவ்வழியே செல்வோம். நமது மடலிலே கிடுகு வேய்ந்த ஒரு சிறு கொட்டில், அதன் அருகே இரண்டு பனைமரங்கள், மேலே நீல வானம், வானத்திலே ஒரு நட்சத்திரம், கொட்டிலின் உள்ளே சிறிய வெளிச்சம். இவ்வளவே போதும்.

பிள்ளைகள் வரையத் தொடங்குமுன் லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தையும் மத்தேயு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தையும் வீட்டிலே ஒருவர் உரத்து வாசிக்கட்டும். தீவனத் தொட்டியும் இடையர்களும் லூக்காவிலே வருவதையும், நட்சத்திரமும் கீழ்த்திசை ஞானிகளும் மத்தேயுவிலே வருவதையும் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிக்கட்டும். ஞானிகள் மூவர் என்று மத்தேயு எங்கும் கூறவில்லை, காணிக்கைகளே மூன்று. மாடும் கழுதையும் இவ்விரு அதிகாரங்களிலும் இல்லை. எசாயா இறைவாக்கினர் நூலின் முதலாம் அதிகாரத்திலிருந்தே அவை நமது குடிலுக்குள் வந்து சேர்ந்தன. இப்படித் தேடி வாசித்த பிள்ளை தான் வரைவதன் பொருளை அறிந்து வரையும்.

தேவையான பொருட்கள்

நான்கு மடல்களுக்கு வேண்டியவை இவை:

1. படம் தீட்டுவதற்கு நீர்வர்ணக் கடதாசி ஒரு தாள் (ஏ4 அளவு). சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ளது சிறந்தது. அது கிடையாவிடில் கடையிலுள்ள தடித்த சித்திரக் கடதாசியை வாங்கலாம். மெல்லிய கொப்பித் தாள் தண்ணீர் பட்டதும் சுருங்கிவிடும்.

2. மடலுக்கு வெள்ளை அல்லது மெல்லிய நிற மட்டை இரண்டு தாள் (ஏ4).

3. கடித உறைக்குச் சாதாரண வெள்ளைத் தாள் நான்கு (ஏ4).

4. நீர்வர்ணக் கட்டிகள் உள்ள சிறிய பெட்டி. நீலம், மஞ்சள், கபிலம் ஆகிய மூன்றுமே நமக்கு வேண்டும். கறுப்பைத் தொடவே வேண்டாம்.

5. தூரிகை இரண்டு. 8 அல்லது 10ஆம் இலக்கப் பெரிய தூரிகை ஒன்று, 2 அல்லது 3ஆம் இலக்கச் சிறியது ஒன்று.

6. தண்ணீர் வைக்க இரண்டு பாத்திரங்கள். ஒன்று தூரிகை கழுவ, மற்றது நிறம் கலக்க. சிரட்டையும் போதும்.

7. நிறம் கலக்க வெள்ளைப் பீங்கான் தட்டு, பழைய பருத்தித் துணி, பென்சில், அழிறப்பர், அடிமட்டம், கத்தரிக்கோல், பசை, ஓவியர் பயன்படுத்தும் கடதாசி ரேப், ஒரு பலகை.

8. வெள்ளை மெழுகுதிரித் துண்டு ஒன்று. எரிந்து முடிந்த அடித்துண்டே நல்லது. அதைக் கொளுத்த வேண்டியதில்லை.

நீர்வர்ணத்தின் இயல்பு

வேலைக்கு முன் இரண்டு விடயங்களை அறிந்துகொள்ளுங்கள்.

வர்ணக் கட்டி என்பது நிறப்பொடியை ஒருவகை வேலம் பிசினோடு சேர்த்துச் செய்தது. தண்ணீர் பட்டதும் பிசின் இளகி நிறம் ஓடும். தண்ணீர் வற்றியதும் பிசின் நிறத்தைக் கடதாசியோடு பிடித்துவைக்கும். காய்ந்த படத்தின்மேல் மீண்டும் தண்ணீர் பட்டால் நிறம் மறுபடி கலங்கும்.

இரண்டாவது, நீர்வர்ணத்திலே வெள்ளை நிறம் பூசுவதில்லை. கடதாசியின் வெண்மையே நமது வெள்ளை. நட்சத்திரம் வெள்ளையாக இருக்க வேண்டுமாயின் அந்த இடத்தை முதலிலேயே காத்துக்கொள்ள வேண்டும். எனவே மெல்லிய நிறத்தை முதலிலும் கடுமையான நிறத்தைக் கடைசியிலும் தீட்டுவோம்.

செய்முறை

முதலாம் படி: வெட்டுதல். நீர்வர்ணக் கடதாசியை 9 சென்ரிமீற்றர் அகலமும் 13 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள நான்கு துண்டுகளாக வெட்டுங்கள். மிஞ்சும் கீலங்களை எறிய வேண்டாம். நிறம் பார்க்க உதவும். ஒவ்வொரு துண்டையும் பலகையில் வைத்து, நான்கு விளிம்பிலும் அரைச் சென்ரிமீற்றர் மறையும்படி ரேப் ஒட்டுங்கள். தண்ணீர் பட்டாலும் கடதாசி அதிகம் நெளியாது. கடைசியில் ரேப்பை எடுக்கும்போது சுற்றிவர நேரான வெள்ளைக் கரை கிடைக்கும். இப்போது நமது படம் 8 சென்ரிமீற்றர் அகலம், 12 சென்ரிமீற்றர் உயரம்.

இரண்டாம் படி: கீறுதல். கீழிருந்து 4 சென்ரிமீற்றர் உயரத்திலே இலேசாக ஒரு கிடைக்கோடு கீறுங்கள். கோட்டுக்கு மேலே வானம், கீழே நிலம். நிலத்தின் நடுவிலே 3 சென்ரிமீற்றர் அகலத்தில் கொட்டிலின் வாசல். அதன் மேல்விளிம்பு அந்தக் கோட்டையே தொடட்டும். கோட்டிலிருந்து 2 சென்ரிமீற்றர் உயரத்திற்கு முக்கோணமாகக் கூரை வானத்திலே எழும்பட்டும். வாசலினுள்ளே தீவனத் தொட்டிக்குச் சிறிய பெருக்கல் அடையாளம் போதும். பென்சிலை அழுத்தாதீர்கள். மெல்லிய நிறத்தினூடாகப் பென்சிற் கோடு தெரியும்.

மூன்றாம் படி: மெழுகு. மெழுகுதிரித் துண்டின் கூரிய விளிம்பினால் வானத்தின் மேற்பகுதியிலே நட்சத்திரத்தை அழுத்தி வரையுங்கள். நெடுக்காக ஒரு கோடு, குறுக்காக ஒரு கோடு, சரிவாக இரண்டு சிறு கோடுகள். கீழ்நோக்கிய கதிரைச் சற்று நீளமாக்கி, கொட்டிலை நோக்கி வரச் செய்யுங்கள். அதன்பின் தொட்டியின்மேல், பாலனை வளர்த்தும் இடத்திலே, ஓர் அரிசிமணி அளவுக்கு மெழுகைத் தேயுங்கள். மெழுகு வெள்ளைக் கடதாசியிலே தெரியாது. பலகையை வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தால் மினுங்கும். மெழுகை அழிக்க முடியாதாகையால் நிதானமாகச் செய்யுங்கள்.

நான்காம் படி: வெளிச்சம். சுத்தமான தண்ணீரைத் தூரிகையால் தொட்டு வாசலின் உட்புறத்தை ஈரமாக்குங்கள். மிகவும் மெல்லிய மஞ்சளைத் தொட்டியின் அருகே ஒருமுறை தொடுங்கள். அது தானாகப் பரவி ஓரங்களில் மங்கிவிடும். கூரைக்கும் வெளியே நிலத்துக்கும் ஓடவிடாதீர்கள். பின்பு காயவிடுங்கள். புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரமிருக்கின்றது என்று பொருள். மார்கழி மழைக்காலத்திலே வடக்கிலும் கிழக்கிலும் கடதாசி காய நேரமெடுக்கும். அடுப்பின்மேல் பிடித்துக் காயவைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: வானம். இதுவே முக்கியமான படி. பீங்கான் தட்டிலே நீலத்தைத் தாராளமாகக் கரைத்து வையுங்கள். இடைநடுவில் முடிந்துவிட்டால் அதே நிறத்தை மறுபடி கலக்க முடியாது. கீலத்திலே பூசிப் பாருங்கள். காய்ந்தபின் நிறம் வெளிறும். ஆகவே சற்றுக் கடுமையாகவே கலவுங்கள். பலகையின் மேற்பக்கத்திற்குக் கீழே ஒரு புத்தகத்தை வைத்து இலேசாகச் சரித்துக்கொள்ளுங்கள்.

பெரிய தூரிகை நிறைய நிறத்தை எடுத்து, மேல் விளிம்பிலே இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. அதன் கீழ் ஓரத்திலே துளியாகத் தேங்கி நிற்கும் நிறத்தைத் தொட்டபடி அடுத்த இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் தட்டிலுள்ள நிறத்திலே சிறிது தண்ணீர் சேர்த்துக்கொண்டு வாருங்கள். மேலே கடும் நீலமாகவும் நிலக்கோட்டை நெருங்கும்போது வெளிறிய நீலமாகவும் வானம் அமையும். கூரை வரும் இடத்தின் மேலாகவும் தயங்காமல் பூசுங்கள். கடைசியில் தேங்கும் துளியைப் பிழிந்த தூரிகையால் ஒற்றி எடுங்கள். அதன்பின் எக்காரணங்கொண்டும் திரும்பத் தொடாதீர்கள்.

நிறம் பூசும்போதே மெழுகிட்ட நட்சத்திரம் வெள்ளையாக வெளித்தோன்றும். பிள்ளைகள் ஆவலோடு பார்க்கும் நேரம் இது.

ஆறாம் படி: நிலம். வானம் நன்றாகக் காய்ந்தபின் மெல்லிய கபிலத்தை நிலத்துக்குப் பூசுங்கள். வாசலின் மஞ்சளை விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: கொட்டிலும் பனைகளும். நீலத்தையும் கபிலத்தையும் கெட்டியாகக் கலந்தால் கறுப்பை ஒத்த ஆழ்ந்த நிறம் வரும். அது கடையிலுள்ள கறுப்பைவிட இரவுக்குப் பொருத்தமானது. சிறிய தூரிகையால் கூரையைத் தீட்டி, அதன் கீழ் ஓரத்திலே கிடுகு தொங்குவதுபோலச் சிறு கீற்றுகள் இடுங்கள். இருபுறமும் இரண்டு கால்கள். தொட்டிக்கு நான்கைந்து கோடுகள். மெழுகிட்ட அரிசிமணியளவு இடம் வெண்மையாகவே நிற்கும்.

பனைக்குக் கீழிருந்து மேலாக ஒரே நேரான இழுப்பு. தென்னையைப்போல வளைக்க வேண்டாம். உச்சியிலே ஒரு புள்ளியை வைத்து, அதிலிருந்து எல்லாத் திசைக்கும் விசிறியை விரித்தாற்போலச் சிறு கோடுகள் இழுங்கள். ஒரு மரம் உயரமாகவும் மற்றது சற்றுக் குட்டையாகவும் இருந்தால் அழகு. வளர்ந்த பிள்ளைகள் தொட்டியின் இரு பக்கமும் முழந்தாளிட்ட மரியன்னையையும் நிற்கும் சூசையப்பரையும் நிழலுருவாகத் தீட்டலாம். கண், மூக்கு எதுவும் வேண்டியதில்லை.

எட்டாம் படி: ஒட்டுதல். படம் முற்றாகக் காய்ந்தபின் ரேப்பைப் படத்திலிருந்து வெளிப்பக்கமாக, பலகையோடு தாழ்த்தி, மெதுவாக இழுங்கள். படத்தை ஓர் இரவு கனமான புத்தகங்களின் கீழ் வைத்தால் நேராகிவிடும்.

மட்டைத் தாள் ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாக வெட்டுங்கள். கிடைக்கும் துண்டு 21 சென்ரிமீற்றர் நீளமும் 14.8 சென்ரிமீற்றர் அகலமும் இருக்கும். நீளத்தின் நடுவிலே, அதாவது 10.5 சென்ரிமீற்றரில், அடிமட்டத்தை வைத்து மை முடிந்த பேனையால் ஒருமுறை அழுத்திக் கீறுங்கள். கீறிய பக்கம் வெளியே இருக்குமாறு மடித்தால் மட்டை வெடிக்காது. படத்தின் பின்பக்கத்திலே விளிம்புகளுக்கு மாத்திரம் மெல்லிதாகப் பசை பூசி, மடலின் முகப்பிலே நடுவாக ஒட்டுங்கள். தண்ணீராக இருக்கும் பசை மட்டையை நெளியச் செய்யும்.

கடித உறை

வெள்ளைத் தாளின் ஒரு மூலையை எதிர்ப்பக்க விளிம்போடு சேர்த்துச் சரிவாக மடித்து, மிஞ்சும் கீலத்தை வெட்டினால் 21 சென்ரிமீற்றர் சதுரம் கிடைக்கும். ஒரு மூலை உங்களைப் பார்க்கும்படி சதுரத்தை வைத்து, அதன் நடுவிலே மடலைப் படுக்கையாக வையுங்கள். சுற்றிவரக் கால் அங்குலத்துக்குக் குறையாமல் இடம் விட்டு, வலது இடது மூலைகளை உட்புறமாக மடியுங்கள். பின் கீழ் மூலையை மேலே மடித்து இரு பக்கமும் ஒட்டுங்கள். மடலை உள்ளே வைத்து மேல் மூலையை மடித்து ஒட்டினால் உறை ஆயத்தம். மழையிலே தபாற்காரர் கொண்டுசெல்ல வேண்டியது என்பதால், கரையும் மையால் விலாசம் எழுதாமல் குமிழ்முனைப் பேனையால் எழுதுங்கள்.

பிழை வந்தால்

வானம் அரைகுறையாகக் காயும் வேளையில் ஈரத் தூரிகையால் தொட்டால், தண்ணீர் நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூப்போன்ற கறையை உண்டாக்கும். அதைத் தேய்த்துத் திருத்தப் போனால் கடதாசி புண்ணாகிவிடும். அப்படியே விட்டுவிடுங்கள், காய்ந்தபின் முகில்போலத் தோன்றும். நிறம் அதிகம் வெளிறினால் நன்றாகக் காய்ந்தபின் இன்னொரு முறை பூசலாம். நிறங்கள் அழுக்காகத் தோன்றினால் கழுவும் தண்ணீரை மாற்றுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கோணலான பனைமரத்தை நீங்கள் திருத்த வேண்டாம். மடலைப் பெறுகின்ற அம்மம்மா அந்தக் கோணலுக்காகவே அதனை நேசிப்பார்.

யாருக்கு அனுப்புவது? என்ன எழுதுவது?

மடலின் உட்பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கின்றது. உண்மையான வேலை அங்கேதான்.

நான்கு மடல்களையும் நமக்கு மடல் அனுப்பக்கூடிய நால்வருக்கே அனுப்பினால் அது கொடுக்கல் வாங்கலாகிவிடும். குடும்பமாக இருந்து நான்கு பெயர்களைத் தெரிவுசெய்யுங்கள்.

ஒரு மடல், பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, தனியே விளக்கேற்றிச் செபிக்கும் முதியவர் ஒருவருக்கு. அவருக்குப் பணம் வருகின்றது, தொலைபேசி அழைப்பும் வருகின்றது. வாசலிலே ஒரு பிள்ளை வந்து நிற்பதுதான் அரிது. ஆகவே இம்மடலைத் தபாலில் போடாமல் பிள்ளையின் கையிலே கொடுத்தனுப்புங்கள்.

ஒரு மடல் துக்க வீட்டுக்கு. 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாட் காலையிலே கடல் பொங்கி வந்ததை நமது கரையோர ஊர்கள் மறக்கவில்லை. பல வீடுகளிலே 25ஆந் திகதி திருநாள், 26ஆந் திகதி திவச நாள். 2009இல் முடிந்த போரிலே பிள்ளையை இழந்தவர்களும், காணாமற்போன பிள்ளைக்காக இன்றும் காத்திருப்பவர்களும் நம் பங்குகளிலே இருக்கின்றார்கள். அவர்களுக்கு "மகிழ்ச்சியான நத்தார்" என்று மாத்திரம் எழுதினால் அந்தச் சொல் குத்தும். "உங்கள் மகனின் பெயரை நள்ளிரவுத் திருப்பலியிலே நினைத்துச் செபிப்போம்" என்று எழுதுங்கள். எழுதியபடி செபியுங்கள். பெயரைச் சொல்வதற்குப் பயப்பட வேண்டாம். தங்கள் பிள்ளையின் பெயரை மற்றவர்கள் மறந்துவிட்டார்களோ என்பதே அப்பெற்றோரின் பெரிய வேதனை.

ஒரு மடல் நோயாளிக்கு, அல்லது தொலைவிலே வேலைசெய்து நத்தாருக்கு வீடு வர முடியாத ஒருவருக்கு. அவருக்கு ஊர்ச் செய்தி எழுதுங்கள். முற்றத்து மாமரம் பூத்ததா, கோவிற் கூரை திருத்தி முடிந்ததா, சின்னவனுக்குப் பல் முளைத்ததா என்பவையே அவருக்கு வேண்டிய செய்திகள்.

நான்காவது மடலே கடினமானது. அது நாம் கதையாமல் இருக்கும் ஒருவருக்கு. எல்லை வேலிக்காகவோ, சீதனக் காணிக்காகவோ, ஒரு கலியாண வீட்டில் சொன்ன ஒரு சொல்லுக்காகவோ பல வருடங்களாக முகம் பாராத உடன்பிறப்புகள் ஒரே கோவிலிலே, ஒரே திருப்பலியிலே, இரண்டு பக்க வாங்குகளில் இருப்பதை நாம் அறிவோம். காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், முதலில் போய் ஒப்புரவாகும்படி ஆண்டவர் மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரத்திலே கட்டளையிடுகின்றார். யார் பக்கம் நியாயம் என்று அவர் அங்கே கேட்கவில்லை.

அந்த மடலிலே வழக்கைப் பற்றி எழுத வேண்டாம். நியாயம் பேசவும் வேண்டாம். "அன்புள்ள அண்ணா, நத்தார் வருகின்றது. சிறு வயதிலே நாங்கள் இருவரும் பாலன் கொட்டில் கட்டிய நாட்களை நினைத்துக்கொண்டேன். உங்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் செபிக்கின்றேன்" என்ற மூன்று வரி போதும். மறுமொழி வராதிருக்கலாம். மடல் பிரிக்கப்படாமலே போகலாம். ஆனாலும் நமது பக்கத்துக் கதவை நாம் திறந்துவைத்தோம். உங்கள் பிள்ளை அந்த விலாசத்தை நீங்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். மன்னிப்பைப்பற்றி நாம் நடத்தும் எந்த மறைக்கல்விப் பாடத்தைவிடவும் அது ஆழமாகப் பதியும்.

எல்லா மடல்களுக்கும் பொதுவாக மூன்று காரியங்களை மனதிற் கொள்ளுங்கள்: பெறுபவரின் பெயரைச் சொல்லி எழுதுங்கள், அவருக்கு மாத்திரமே பொருந்தும் ஒரு செய்தியை எழுதுங்கள், அவருக்காகச் செய்யப்போகும் ஒரு செபத்தை எழுதுங்கள். வீட்டிலுள்ள எல்லோரும் கையொப்பமிடட்டும். எழுதத் தெரியாத சின்னப் பிள்ளை தன் பெருவிரலை வர்ணத்திலே தொட்டுப் பதிக்கட்டும்.

நான்கு வாரத் திட்டம்

வெளிநாட்டுக்கு மடல் அனுப்புவோர் நவம்பர் மாதத்திலேயே செய்து தபாலிற் சேர்த்துவிடுங்கள். மற்றவர்கள் பின்வரும் ஒழுங்கைப் பின்பற்றலாம்.

திருவருகைக்கால முதலாம் வாரம்: நற்செய்தியை வாசித்து, நான்கு பெயர்களைத் தெரிவுசெய்தல். அன்று தொடக்கம் இரவுச் செபத்திலே அந்நால்வரையும் பெயர் சொல்லி நினைத்தல்.

இரண்டாம் வாரம்: கீலங்களிலே பழகி, படங்களைத் தீட்டி, மடலிலே ஒட்டுதல்.

மூன்றாம் வாரம்: மகிழ்ச்சியின் ஞாயிறுக்குப்பின் மடல்களை எழுதித் தபாலிற் சேர்த்தல்.

நான்காம் வாரம்: அண்மையில் இருப்போருக்கு நேரிற் சென்று கொடுத்தல். கொஞ்சம் பலகாரத்தையும் கொண்டுசெல்லுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. முதலாவது நத்தார் மடலின் இரு பக்கங்களிலும் இருந்த இரக்கச் செயல்களில் எதனை இவ்வருடம் நமது வீடு செய்யப்போகின்றது?

2. நமது ஊரிலே, நமது தெருவிலே, நத்தார் இரவைத் தனிமையிலே கழிப்பவர் யார்?

3. நமது நான்காவது மடல் யாருக்கு?

மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லச் சில நாட்கள் செல்லலாம். அவசரப்பட வேண்டாம். ஆனால் அந்த மடலுக்குரிய உறையைச் செய்து, பாலன் கொட்டிலின் அருகே வைத்துவிடுங்கள். விலாசம் எழுதப்படாத அந்த உறை ஒவ்வொரு நாளும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நத்தார் இரவு வருமுன் அதிலே ஒரு பெயர் எழுதப்படப் பாலன் யேசு நமக்கு அருள் தருவாராக.